பாட்டாவும் பாட்டியும் போட்ட சண்டை: ஒரு வாய்மொழிப் பதிவின் நிகழ்வு ஆய்வு

எங்கள் பாட்டாவின் பேச்சைப் போனில் பிடித்த முதல் நாள் பதிவு நாற்பது நிமிடம். வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தால் அதில் எங்கள் ஊர்ப் பேச்சே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்கிற ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, எண்பது தாண்டியும் ஊரைவிட்டு அதிகம் வெளியே போகாத மனுசன், நான் போனை நீட்டியதும் "பனைமரம் நமக்கு ஒரு கற்பகத்தரு" என்று ஆரம்பித்துவிட்டார். இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, ரேடியோவாக இருக்கலாம், எங்கேயோ மேடையில் கேட்டதாக இருக்கலாம். பேச்சை நிறுத்திவிட்டு நான் போனைப் பைக்குள் போட்டேன். அடுத்த நொடியே, "சாயா குடிச்சியா மக்ளே? காலத்தயே வந்திருக்கலாம்லா" என்று தன் பேச்சுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு வேண்டியது அதுதான், ஆனால் போன் பைக்குள் கிடந்தது.

அவர் என் அம்மா வழிப் பாட்டாவின் தம்பி, எங்களுக்கு அவரும் பாட்டாதான். ஐம்பது வருசம் பனையேறியவர். ஒரு நாளைக்கு முப்பது பனை, காலத்தும் வைட்டும், அதாவது காலையிலும் சாயந்தரமும். அவருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறவில்லை. நான் ஏறவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம், வீட்டு ஏணியில் நான்காவது படி தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும். 2022-ல் ஒரு சாவு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது பெரியவர்கள் பேசிக்கொண்டதில் பாதி எனக்கே புரியாமல் போனது, அப்போதுதான் இதைப் பதிவு பண்ண வேண்டும் என்று தோன்றியது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் மாதிரி முறையாகப் படித்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி இல்லை, வாரக்கடைசியில் ஊருக்கு வருகிற ஒரு கம்பெனி ஊழியன். அதனால் இதில் என்னென்ன சொதப்பினேன் என்பதைத்தான் முக்கியமாக எழுதுகிறேன், உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டாவோ பாட்டியோ இருந்தால் உதவும்.

எங்கள் மாவட்டத்துப் பேச்சைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று மலையாள அரசின் கீழ் இருந்தன. முதல் இரண்டும் நாஞ்சில் நாடு, அங்கே பேச்சு திருநெல்வேலிப் பக்கம் சாயும். கல்குளம் தாண்டி மேற்கே போகப் போக மலையாளத்தின் வாடை கூடும். ஆனால் "இது பாதி மலையாளம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சோம்பேறித்தனம். வெள்ளம் என்றால் எங்களுக்குக் குடிக்கிற தண்ணீர், விளிக்கிறது என்றால் கூப்பிடுகிறது, ஓர்மை என்றால் ஞாபகம், இதெல்லாம் சங்க காலத்திலிருந்தே தமிழில் புழங்கிய வேர்கள்தான், மற்ற ஊர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள், நாங்கள் வைத்துக்கொண்டோம். விளை என்று ஒரு சொல் இருக்கிறது. தென்னை, பனை, மரச்சீனி (மரவள்ளி), பலா என்று எல்லாம் கலந்து நிற்கிற மேட்டு நிலம். திட்டுவிளை, அம்மாண்டிவிளை என்று ஊர்ப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். இதைத் "தோட்டம்" என்று எழுதினால் ஊட்டி ஞாபகம்தான் வரும்.

சரி, பதிவுக்கு வருகிறேன். இரண்டாவது, மூன்றாவது தடவையும் தோல்விதான். "பாட்டா, பனையேற என்னென்ன கருவி வேணும்?" என்று கேட்டேன். அரிவாள், கயிறு, கலயம் என்று மூன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பரீட்சைக் கேள்விக்குப் பரீட்சைப் பதில். நான்காவது தடவை அவர் சாய்ப்பில் (வீட்டை ஒட்டிய சரிவுக் கூரையடியில்) எதையோ தேடிக்கொண்டிருந்தார், நான் போனைச் சட்டைப்பையில் ஓடவிட்டபடி (பதிவு செய்கிறேன் என்று முன்னமே சொல்லியிருந்தேன், ஒளித்து வைக்கவில்லை) கூட நின்றேன். மேலே சொருகியிருந்த ஒரு பழைய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அதுக்குப் பிறகு நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்கிற அரிவாப்பெட்டி, அதற்குள் பாளை சீவுகிற அரிவாள், பாளையை நெரித்து இடுக்குகிற கடிப்பு, காலில் மாட்டுகிற திளாப்பு, பனைமூட்டில் சாய்த்து வைத்துக் கால் வைத்து ஏறுகிற முருக்குத்தடி. ஒவ்வொன்றையும் கையில் எடுக்க எடுக்கச் சொல் வந்தது. கடிப்பைக் கையில் பிடித்ததும் விரல் தானாக மடங்கியது, "பைய நெரிக்கணும் மக்ளே, சதைஞ்சிட்டா அந்தப் பாளை போச்சு, புள்ளைக்கு வெரல் பிடிக்கது மாதிரி" என்றார். அந்த இருபத்தெட்டு நிமிடத்தில் கிடைத்தது முதல் மூன்று தடவையிலும் சேர்த்துக் கிடைக்கவில்லை.

அவருடைய சொற்கள் நாக்கில் இல்லை, கையில் இருக்கின்றன. உட்கார வைத்துக் கேட்டால் வராது. இது தெரிந்த பிறகு நாற்காலியை ஓரங்கட்டிவிட்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்த இன்னொரு விசயம். நாலு வாரமாக நான் பாட்டாவைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். பாட்டி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஆனால் பனையேற்றில் ஏறி இறக்குவது பாதி வேலைதான், காய்ச்சுவது மறுபாதி, அது முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது. பாட்டி நாற்பது வருசம் அடுப்படியில் புகையில் நின்றவர், கண் அதனால்தான் கெட்டது என்பார். அவரிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு ஊர் தள்ளி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் ஒரு குடம் அக்கானி வாங்கி வந்தேன். அக்கானி என்றால் பதநீர், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கியது. தடவாமல் விட்டால் அதுவே கள்ளு. முற்றத்தில் கல் கூட்டி அடுப்பு போட்டோம். பாட்டி முதலில் "இந்தக் கொறச்சு அக்கானிக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்தார், பிறகு தீயை மூட்டியதும் ஆளே மாறிவிட்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. நுரை பொங்கி விளிம்புக்கு வந்தபோது நான் பதறினேன், அவர் பதறவில்லை, இரண்டு கொட்டமுத்தை (ஆமணக்குக் கொட்டை) நசுக்கி உள்ளே போட்டார், பொங்கின நுரை அப்படியே அமர்ந்தது. பாகு இறுகத் தொடங்குகிற நிலைக்குக் கூப்பனி என்று பெயர். அதைச் சின்னப் பிள்ளையில் தேங்காய்ச் சில்லோடு தொட்டுத் தின்றிருக்கிறேன், பெயர் மறந்தே போயிருந்தது. அதற்கு மேலே பதம் பார்க்க ஒரு கிண்ணத்தில் வெள்ளம் எடுத்து ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினார். உருண்டது. "இப்பம் எறக்கு" என்றார். சிரட்டைகளை முந்தின நாளே நனைத்து வைத்திருந்தார், வரிசையாக அடுக்கி ஊற்றினோம். ஏழு சிரட்டைக் கருப்பட்டி. எட்டாவது சிரட்டை பாதி, அதை நான் சூட்டோடு வழித்துத் தின்றேன், நாக்கு வெந்தது.

அந்தப் பதிவின் ஒலித்தரம் மோசம். விறகு வெடிக்கிறது, கோழி கத்துகிறது, பக்கத்து வீட்டில் யாரோ மோட்டார் போடுகிறார்கள். அமைதியான அறையில் எடுத்த முதல் நாற்பது நிமிடம் கண்ணாடி மாதிரி இருக்கும். இருந்தும் யாராவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இந்தக் கோழிச் சத்தத்தை வைத்துக்கொள்வேன்.

ஒரு சொல் மட்டும் வரவில்லை. அக்கானியை அடுப்பில் ஏற்றும் முன் பாட்டி ஒரு பழைய வேட்டித் துணியால் வடிகட்டினார். "முன்ன துணியா உண்டு? பனையில இருந்தே ஒண்ணு கிழிச்செடுப்போம்லா, வலை மாதிரி, அதுக்கு என்னது சொல்லுவாவ... நாக்குல நிக்குது" என்று நெற்றியைத் தட்டிக்கொண்டார். பாட்டாவைக் கேட்டால் "பன்னாடை" என்றார். "அது இல்ல, நம்ம சொல்லது வேற" என்றார் பாட்டி. (பன்னாடை என்பதை இப்போது திட்டுவதற்குத் தவிர யாரும் பயன்படுத்துவதில்லை என்பது தனிக்கதை.) சொற்களைக் குறிக்க நான் போட்டிருந்த அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

சண்டைக்கு வருகிறேன். நான் பாட்டாவின் இளமைக்காலத்தை வரிசைப்படுத்த முயன்றுகொண்டிருந்தேன். ஆதார் அட்டையில் அவர் பிறந்தது 1945. அவரைக் கேட்டால் "ஆயிரத்தி நூத்திப் பதினாலு மீனம்" என்கிறார். இது கொல்லம் ஆண்டு, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் இன்னும் இதில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். மாற்றுவது எளிது, ஆனால் ஒரு இடத்தில் வழுக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது சிங்க மாதத்தில் ஆரம்பிக்கும். ஆகவே ஆவணி முதல் டிசம்பர் வரை நடந்ததற்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி வரை நடந்ததற்கு 825. மீனம் என்றால் பங்குனி, 1114-உடன் 825, ஆக 1939. அட்டையைவிட ஆறு வயசு மூத்தவர். ஆறு வருச முதியோர் பென்சன் போச்சே என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார்.

1939-ல் பிறந்தவர் என்றால் 1954-ல் பதினைந்து வயசு. அந்த வருசம் ஆகஸ்டு 11-ஆம் தேதி, நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்தோடு சேரப் போராடிக்கொண்டிருந்தபோது, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். புதுக்கடை எங்களுக்கு எட்டுகிற தூரம். பாட்டா சொன்னார், "நான் அப்பம் பனை மேல நிக்கேன், கீழ எங்க அண்ணன் ஓடி வந்து, எறங்குலே வெடி வச்சிட்டானுவ எண்ணு விளிச்சான், எறங்கினதுல நெஞ்சுத்தொலி உரிஞ்சு போச்சு." நல்ல காட்சி. நான் மனசுக்குள் கட்டுரையே எழுதிவிட்டேன். உள்ளேயிருந்து பாட்டி வந்தார்.

"ஆடியில ஏது பனையேத்து? கலயமெல்லாம் எறக்கிக் கமத்தி வச்சிருப்போம். மழையில ஆரு ஏறுவா?"

"சும்ம கெட பிள்ளே. ஒனக்கு என்ன தெரியும், நீ அப்பம் இந்த ஊருலயே இல்ல."

"ஊருல இல்லேண்ணா மாசம் தெரியாதா? எங்க அப்பனும் பனையேறிதான். நீங்க என்னத்தக் கண்டிய, ஏறினது பங்குனியில, உரிஞ்சது பங்குனியில, ரெண்டையும் கூட்டிக் கெட்டுதிய."

பத்து நிமிடம் ஓடியது. பாட்டாவுக்குக் கோபம் வந்து "அந்தச் சவத்த ஆஃப் பண்ணு" என்று என் போனைக் காட்டினார், நான் பண்ணினேன். கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்துவிட்டு அவரே திரும்ப வந்து ஆன் பண்ணச் சொன்னார். அக்கானிக்கு ஏறவில்லை, ஓலை வெட்ட ஏறியிருந்தேன் என்றார். மழைக்கு ஒழுகுகிறது என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டார், கூரை மாற்ற ஓலை, அதற்காக ஏறினது. எந்த வீடு, எந்த விளை, எந்தப் பனை என்றுகூடச் சொன்னார். பாட்டி "அது செரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உள்ளே போனார்.

இதில் யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. பாட்டா சண்டைக்குப் பிறகு ஞாபகத்தைச் சரிக்கட்டிக்கொண்டாரா, உண்மையிலேயே ஓலை ஞாபகம் திரும்ப வந்ததா என்பதை என்னால் பிரிக்க முடியாது. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன், முதலில் சொன்னதை வெட்டவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. செய்தித்தாளில் வந்த தேதி எனக்குத் தெரியும், இருந்தும் ஆடி மாசத்தில் பனையில் வேலை இருக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலையின் பருவம் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்ததால்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு இருவரையும் தனித்தனியே பதிவு செய்வதை நிறுத்திவிட்டேன். தனித்தனியே கேட்டால் எனக்குப் பதில் சொல்வார்கள். சேர்த்து உட்கார வைத்தால் எனக்கென்று எதையும் விளக்க மாட்டார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள், எங்கள் பேச்சு முழுசாக வருவது அப்போதுதான்.

இனி எழுதி எடுத்த கதை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மொத்தம் 14 தடவைப் பதிவு, பதினொரு மணி நேரம். முதலில் போனிலேயே பேச்சை எழுத்தாக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். விளை எல்லாம் விலை ஆனது, "அவிய விளையில நிப்பாவ" என்பது ஏதோ சந்தை நிலவரம் மாதிரி வந்தது. கூப்பனி கம்பெனி ஆனது. சரி, மிசின் அப்படித்தான் என்று கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகளிடம் கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை, எங்கள் பேச்சு பேசுகிறவள். பாட்டி சொன்னது இது: "காலத்த எந்திச்சு வெள்ளம் கோரி வச்சிட்டு அவிய விளைக்குப் போவாவ." அவள் அடித்துத் தந்தது: "காலையில் எழுந்து தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு அவர் தோட்டத்திற்குச் செல்வார்."

கிணற்றிலிருந்து கோருவது போய் வெறுமனே எடுப்பது ஆகிவிட்டது. விளை தோட்டமானது. "அவிய, போவாவ" என்று பாட்டி தன் புருசனுக்குக் கொடுத்த மரியாதையின் ஊர் வடிவமும் போய்விட்டது. கேட்டால், "மாமா, தப்பா இருந்துச்சு, திருத்தினேன்" என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் "வெள்ளம் குடிக்கப் போட்டா சார்" என்று கேட்டதற்கு ஒரு வாத்தியார் வகுப்பையே சிரிக்க வைத்தார், அன்றிலிருந்து நானும் தண்ணிதான். மிசின் தெரியாமல் அழித்ததை நாங்கள் தெரிந்தே அழிக்கிறோம்.

பதினொரு மணி நேரத்தையும் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு விதி வைத்துக்கொண்டோம்: காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதுவது, பக்கத்துக் கட்டத்தில் சாதாரணத் தமிழ், மூன்றாவது கட்டத்தில் அதைச் சொல்லும்போது கையில் என்ன வேலை இருந்தது என்று. மூன்றாவது கட்டம் அவளுடைய யோசனை. அதை நிரப்பும்போதுதான் ஒன்று தெரிந்தது, அபூர்வமான சொற்கள் எல்லாம் ஏதாவது வேலைக்கு எதிரேதான் நிற்கின்றன, "சும்மா உட்கார்ந்து" என்று எழுதிய வரிகளில் அநேகமாக ஒன்றும் இல்லை.

கடற்கரைப் பக்கத்து நண்பன் ஒருவனும் அவன் அப்பாவிடம் இப்படி முயன்றான். கடலில் மீன் கிடக்கிற பார் (கடலடிப் பாறை) எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் தெரிகிற மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்க்கோட்டில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அதற்குக் கணியம் என்று பேர். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில்லை. வீட்டில் வைத்துக் கேட்டபோது நாலு வாக்கியம் சொன்னாராம், வள்ளத்தில் கூட்டிப்போனபோது கரை திரும்புகிற வரை வாய் மூடவில்லையாம். காற்று இரைச்சலில் பதிவு பாதி கேட்கவில்லை என்று புலம்பினான். அடுத்த தடவை மைக்குக்குத் துணி சுற்றச் சொல்லியிருக்கிறேன்.

அழித்ததையும் சொல்ல வேண்டும். ஒரு பதிவில் பாட்டா, சுண்ணாம்பு தடவாத கலயம் பற்றி, அது ராத்திரியில் எங்கே போகும், யார் வாங்குவார்கள் என்றெல்லாம் உற்சாகமாகப் பேசினார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மறுநாள் காலையில் போன் பண்ணி, "அதுல ஆளு பேரெல்லாம் சொல்லிப்போட்டேன், அத அழிச்சிரு மக்ளே, அவனுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு" என்றார். அருமையான பதினாறு நிமிடம். ஒரு நகல் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசின பேச்சில் ஒரு தயக்கம் குறைந்தது. பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டக் காலத்தைப் பற்றி அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டதை, அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாததை, அடுத்த மாசம் அவராகவே சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை, குடும்பத்துக்குள் மட்டும் என்று சொல்லித்தான் தந்தார்.

கோப்புகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன: என்னிடம் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று, பாட்டா வீட்டு டிவியில் சொருகுகிற பென்டிரைவில் ஒன்று. மூன்றாவதுதான் அதிகம் ஓடுகிறது. மோந்தி (அந்தி) நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தச் சண்டையைப் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி சண்டை போடுகிறார்களாம்.

போன வாரம் புதன்கிழமை, ஆபீஸில் மீட்டிங் நடுவே பாட்டியிடமிருந்து போன். பயந்துபோய் வெளியே வந்து எடுத்தேன்.

"மக்ளே, அண்ணைக்கு வராத சொல்லு இப்பம் ஓர்மை வந்து. சில்லாட்ட. எழுதிக்கோ, சில்லாட்ட. பாத்திரம் தேச்சிட்டு இருந்தேன், கையில தேங்கா நார் இருந்து, அதப் பாத்ததும் வந்து."

அட்டவணையில் காலிக் கட்டத்தை நிரப்பினேன். மூன்றாவது கட்டத்தில், பாத்திரம் தேய்க்கும்போது, என்று எழுதினேன்.